எல்லையில்லாப் பொருளும் நான்கெல்லையும்

நிலத்தையோ மனையையோ கிரயம் செய்து கொடுக்கிறவர்கள், இன்ன சொத்து என்று அடையாளம் காட்டுவதற்காகப் பத்திரத்தில் எழுதிச் சேர்க்கும் செக்குபந்தி விவரம், தத்துவ விசாரத்தில் நாட்டமுடைய எவரும் ஒருமுறை நின்று படிக்கத் தக்கது. திண்டுக்கல் வட்டாரத்துப் பத்திர எழுத்தர் அதை எழுதும் முறை இது: இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, இன்னார் தோட்டத்துக்குக் கிழக்கு, ஓடைக்குத் தெற்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட நிலம், கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி. விற்கப்படும் நிலத்தைப் பற்றி இதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், அளவு நீங்கலாக ஒன்றுமே சொல்லப்படவில்லை என்பது விளங்கும். அது செம்மண்ணா கரிசலா, அதில் முருங்கை நிற்கிறதா, மானாவாரிச் சோளம் விளைகிறதா, தலைமுறை தலைமுறையாக அதை உழுதவர்களின் உழைப்பு எத்தகையது என்பவற்றில் ஒன்றும் அந்த வாசகத்தில் ஏறுவதில்லை. அந்த நிலத்தைச் சுற்றியுள்ளவையெல்லாம் பெயர் சொல்லப்பட்டு, அவையல்லாமல் எஞ்சிய இடம் எதுவோ அதுவே இது என்று வாசகம் முடிகிறது.

ஒரு சொல் தன் பொருளை நேராகச் சுட்டுவதில்லை, பிறவற்றை விலக்குவதன் வாயிலாகவே சுட்டுகிறது என்று வாதித்த பௌத்த தார்க்கிகர் திங்நாகர் காஞ்சியை அடுத்த ஊரொன்றில் பிறந்தவர் என்று பௌத்த மரபு கூறும். பசு என்னும் சொல்லுக்குப் பசுவல்லாத அனைத்தையும் நீக்குவதே பொருள் என்ற அவருடைய அபோகக் கொள்கைக்கு இந்தச் செக்குபந்தியைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. அவருடைய பெயருக்கே திசையானை என்று பொருள். யானைக்கும் எல்லைக்கும் நம் நாட்டில் வேறொரு தொடர்பும் உண்டு. சோழ மன்னர்கள் ஊர்களைத் தானம் செய்த காலத்தில், பிடியானை ஒன்றை எல்லை வழியே நடத்திச் சென்று, அது சூழ்ந்துவந்த வழியெங்கும் கல்லும் கள்ளியும் நட்டு, கீழ்பாலெல்லை தொடங்கித் தென்பால், மேல்பால், வடபால் என வலமாகவே செப்பேட்டில் வரைந்துவைத்தார்கள். ஓர் ஊரின் எல்லையை எழுதுவதும் ஒரு தெய்வத்தை வலம் வருவதும் ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பது தற்செயலாக நேர்ந்ததென்று நான் கருதவில்லை. எல்லையைச் சுற்றிவருவதே ஒரு பொருளை அறிவதற்கும் அதற்கு உரிமை ஏற்படுத்துவதற்கும் வழி என்ற ஒரு நினைவு இரண்டிற்கும் அடியில் கிடக்கிறது.

அப்படியானால் ஒரு பெரிய சங்கடம் எழுகிறது. பொருள் எல்லையினாலேயே அறியப்படும் என்றால், எல்லையில்லாதது என்று பல சமயங்கள் ஒருமுகமாகக் கூறும் பரம்பொருளை எந்தச் செக்குபந்தியால் அறிவது? எங்கும் நிறைந்ததற்குக் கிழக்கு என்ன, மேற்கு என்ன? நிறைவுடைய ஒன்றை வணங்குவதற்கு மனிதன் ஒரு திசை பார்த்து நிற்க வேண்டிய அவசியம் யாது? கோயிலுக்கு வாயில் வைக்கும் சிற்பியும், பள்ளிவாசலில் தொழுகைக்கு அணிவகுத்து நிற்பவரும், ஊர் எல்லையில் கருப்பசாமிக்குப் பொங்கல் வைக்கும் பெண்ணும் இந்த வினாவைத் தம் வாயால் கேட்பதில்லை; ஆயினும் அவர்கள் செய்யும் ஒவ்வொரு காரியத்திலும் அதற்கொரு விடை அடங்கியிருக்கிறது. அந்த விடை இன்னதென்று ஆராய்வதற்குமுன், திசைச் சொற்களின் இயல்பைச் சற்றே பார்க்க வேண்டும்.

ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூலார் வகுத்த பொருள்கள் நான்கு: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. மதுரையின் வடக்கு திண்டுக்கல் என்று பழைய முறையிலோ, மதுரைக்கு வடக்கே திண்டுக்கல் என்று இன்றைய முறையிலோ சொல்லும்போது, மதுரை என்ற ஊர் எல்லையாக நிற்க, அதைப் பற்றிக்கொண்டே வடக்கு என்ற சொல் பொருள் தருகிறது. பற்றுக்கோடாக ஓரிடம் இல்லாவிட்டால் வடக்கு என்பது வெறும் ஒலி. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவர்களை நெடுங்காலமாக வருத்திவரும் ஒரு நுட்பமும் இவ்விடத்தில் நினைவிற்கு வருகிறது. ஒரு நாட்டின் வடக்கில் ஒன்று இருக்கிறது என்பதற்கு அம்மொழியில் மூன்று வகை உண்டு: நாட்டிற்குள்ளேயே வடபகுதியில் கிடந்தால் ‘இன்’, நாட்டின் வடக்கெல்லையை ஒட்டிக் கிடந்தால் ‘ஆன்’, எல்லைக்கு அப்பால் விலகிக் கிடந்தால் ‘டு’. நம் பேச்சில் வடக்கே என்ற ஒரே சொல் மூன்றுக்கும் வருகிறது. வேண்டுமிடத்தில் வடக்குக் கடைசி என்றும், வடக்கு ஓரம் என்றும், வடக்கே தள்ளி என்றும் பிரித்துக்கொள்கிறோம். இதில் எது உயர்வு என்ற வழக்கு நமக்கு வேண்டா. உள்ளிருப்பது, ஒட்டியிருப்பது, விலகியிருப்பது என்ற மூன்று நிலைகளும், இறைவனுக்கும் உலகிற்கும் உள்ள உறவைப் பற்றி வேதாந்திகளும் சித்தாந்திகளும் பல நூற்றாண்டுகள் வாதித்த நிலைகளே அல்லவா என்பதைமட்டும் குறித்துவிட்டு மேலே செல்வோம்.

திசைக்குப் பெயரிட்டவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு பெயரிட்டார்கள் என்பது மொழிக்கு மொழி வேறுபடுகிறது. வடமொழியாளர் உதயசூரியனை நோக்கி நின்று, முன்னிருப்பதைப் பூர்வம் என்றும், வலக்கைப் பக்கத்தைத் தட்சிணம் என்றும், பின்னிருப்பதைப் பச்சிமம் என்றும் வழங்கினார்கள். அவர்களுக்குத் திசை உடம்பிலிருந்து பிறந்தது. தமிழர் மண்ணைப் பார்த்தார்கள். மேற்குத் தொடர்மலையிலிருந்து கீழைக்கடல்வரை சரிந்து கிடக்கும் நாட்டில், நிலம் தாழ்ந்த பக்கம் கிழக்கு, உயர்ந்த பக்கம் மேற்கு என்றாயின. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைச் சுட்டி, இப்பெயர்கள் இந்நாட்டில் வாழ்ந்தவர்களாலேயே ஆக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்த ஊகத்தில் நியாயம் உண்டு. ஆனால் சொல் ஒருமுறை பிறந்துவிட்டால், தன்னைப் பெற்ற மண்ணைப் பின்பு கேட்பதில்லை. மேற்கிலுள்ள பழனிமலைத் தொடரின் கீழ்ச்சரிவுகளில் தோன்றும் குடகனாறு, ஆத்தூர்ப் பக்கத்து நீர்த்தேக்கத்தைக் கடந்து, தாடிக்கொம்பு, வேடசந்தூர் வழியாக வடக்கே ஓடிக் கரூர்ச் சீமையில் அமராவதியோடு கலக்கிறது. திண்டுக்கல் சமவெளியில் தாழ்ந்த பக்கம் வடக்கு. எனினும் இங்குள்ள எந்த உழவரும் கிழக்கு என்று சொல்லும்போது பள்ளத்தை நினைப்பதில்லை. சூரியன் எழும் பக்கத்தையே நினைக்கிறார்.

இந்தச் சமவெளியின் கிராமங்களில் வயதானவர்களின் பேச்சைக் கேட்டால், அடுப்புக்குத் தெக்க இருக்கிற செம்பை எடு என்றும், மாட்டை மேக்கால நகர்த்திக் கட்டு என்றும் சொல்லுவார்கள். வீட்டிற்குள் இருட்டில்கூட அவர்களுக்குத் திசை தடுமாறாது. 1990களில் நெதர்லாந்திலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் பெடர்சன் என்னும் மொழியியலார், மதுரை வட்டாரத்துத் தமிழரின் பேச்சை ஆராய்ந்து, கிராமத்தவர் பெரிதும் நாற்றிசையைக் கொண்டும், நகரத்தவர் பெரிதும் வலம் இடம் என்ற தம் உடம்பைக் கொண்டும் இடம் சுட்டுவதை எடுத்துக்காட்டினார். இதைப் படித்தபோது எனக்கு ஒரு வருத்தமே உண்டாயிற்று. தனக்கு இடப்பக்கம் என்பவன் தான் திரும்பினால் உலகமும் திரும்பும் என்று கொள்கிறான். தெற்கு என்பவனோ, தான் எப்படித் திரும்பினாலும் திரும்பாத ஓர் ஒழுங்கிற்குள் தன்னை வைத்துப் பேசுகிறான். பின்னதில் அடங்கிய பணிவு, சமய வாழ்வுக்கு மிக அண்மையானது.

ஆயின் அந்தத் திரும்பாத ஒழுங்கு, உண்மையில் ஒரு பொருளா? வைசேஷிகர் ஆம் என்றார்கள். நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், காலம், திக்கு, ஆன்மா, மனம் என்று திரவியங்களை ஒன்பதாக எண்ணி, திக்கு என்பது ஒன்றே, நித்தியமானது, எங்கும் வியாபித்தது என்று நிறுவினார்கள். கிழக்கு, மேற்கு முதலிய வேறுபாடுகள் அந்த ஒரே திக்குக்கு உபாதியினால் வந்தவை. உதயகிரிக்கு அருகிலிருப்பதைக் கிழக்கென்றும், தொலைவிலிருப்பதை மேற்கென்றும் வழங்குகிறோமேயன்றி, திக்கு தானே பல கூறாகப் பிரிந்துகிடக்கவில்லை. தர்க்க சங்கிரகத்தைத் தொடக்கநூலாகப் பயிலும் மாணவனும் இதைக் கற்கிறான். மேனாட்டிலும் இதற்கு இணையான ஒரு விசாரணை நடந்தது. காண்ட் 1768இல் எழுதிய சிறு கட்டுரையில், வலக்கையும் இடக்கையும் அளவிலும் உறுப்புகளின் அமைப்பிலும் ஒத்திருந்தும் ஒன்றின் உறை மற்றதற்குப் பொருந்தாதது ஏன் என்று கேட்டு, திசை வேறுபாடு பொருள்களின் பரஸ்பர உறவுகளில்மட்டும் அடங்கிவிடுவதன்று, முழு வெளியையும் சார்ந்து நிற்பது என்று முடிவு செய்தார்.

வைசேஷிகர் வழியிலேயே வந்த நவத்வீபத்து ரகுநாத சிரோமணியோ, தம் முன்னோர் பெரும்பாலோர் துணியாத ஒன்றைத் துணிந்தார். திக்கையும் காலத்தையும் ஈசுவரனுக்கு வேறான திரவியங்களாகக் கொள்ள வேண்டிய அவசியமில்லை என்றார் அவர். எங்கும் நிறைந்ததாகவும் நித்தியமாகவும் ஒன்றாகவும் ஒரு பொருள் முன்னமே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கையில், அதே இலக்கணங்களோடு வேறிரண்டு பொருள்கள் எதற்கு? தர்க்க சாஸ்திரத்தின் வறண்ட பாதையிலேயே நடந்து இந்த இடத்திற்கு ஒருவர் வந்து சேர்ந்தது எனக்குப் பெரிய ஆச்சரியமாகவும் ஆறுதலாகவும் இருக்கிறது. சைவ சித்தாந்திகள் எண்ணும் முப்பத்தாறு தத்துவங்களிலும் காலம் இருக்கிறது, திக்கு இல்லை. கிழக்கு என்று நாம் கை நீட்டும்போது அந்தக் கை சுட்டுவது முடிவில் ஈசுவரனையே என்றால், திசை பார்த்து நிற்பது மூடத்தனம் என்று யார் சொல்ல முடியும்? அதே நியாயத்தால், என் திசையிலேயே அவன் இருக்கிறான், உன் திசையில் இல்லை என்பதும் நிற்காது.

விளிம்பைப் பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. ஓரம், விளிம்பு, முனை, நுனி, வரம்பு, கரை, கடை, எல்லை என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை; பானைக்கு விளிம்பும், ஊசிக்கு முனையும், புல்லுக்கு நுனியும், வயலுக்கு வரப்பும் என்று பொருளறிந்தே வழங்குகிறோம். ஆனால் விளிம்பு யாருடையது? ஆற்றுக்குக் கரை என்கிறோம், அது நிலத்தின் பகுதி, நீரின் பகுதியன்று. சின்னாளபட்டிச் சேலைக்கும் கரை என்கிறோம், அது சேலையோடு சேர்த்து நெய்யப்பட்டது, சேலையினுடையதே. ஒரே சொல் ஓரிடத்தில் பொருளைத் தடுத்து நிறுத்தும் பிறிதொன்றையும், மற்றோரிடத்தில் பொருள் தன்னளவில் நிறைவடையும் இடத்தையும் குறிக்கிறது. பிறிதொன்று தடுப்பதால் வரும் முடிவு வேறு, தன்னளவில் நிறைவதால் வரும் முடிவு வேறு. அரிஸ்டாட்டில், ஒரு பொருளின் இடம் என்பது அதைச் சூழ்ந்திருக்கும் பொருளின் உட்பரப்பே என்று வரையறுத்தபோது ஆற்றுக்கரையைப்போல் எல்லையைக் கண்டார் என்று சொல்லலாம்.

பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில் சமண முனிவர்கள் வாழ்ந்தார்கள். தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்ட அந்தப் பாறையில், வரகுண பாண்டியன் காலத்துச் சாசனம் ஒன்று சக வருஷம் 792, அதாவது கி.பி. 870 என்ற காலக்குறிப்போடு இருக்கிறது. சமண சமயத்தின் உலகநூல், விளிம்பைப் பற்றி மிகத் துணிவான ஒரு கருத்தைச் சொல்லுகிறது. உலகாகாயத்திற்கு ஒரு முடிவு உண்டு. அதற்கப்பால் இருப்பது உலகமற்ற வெறும் ஆகாயம். வினைப்பாரம் முற்றும் நீங்கிய உயிர் இயல்பாகவே மேலெழுந்து, உலகத்தின் உச்சி விளிம்பை அடைந்து அங்கேயே நிலைபெறும். அதற்குமேல் செல்லாமைக்குக் காரணம், இயக்கத்துக்குத் துணைபுரியும் தர்மம் என்னும் திரவியம் அவ்விளிம்போடு நின்றுவிடுவதே. முக்தி என்பது ஓர் ஓரத்தில் அமர்வது. ஆனால் அங்கே சுவர் ஒன்றும் இல்லை. அந்த உயிர் தடுக்கப்படவில்லை, முற்றுப்பெற்றிருக்கிறது. சேலையின் கரையைப்போன்ற எல்லை அது.

சைவர்களின் புராணம் இதற்கு நேர்மாறான பக்கத்திலிருந்து வருகிறது. சோதித்தம்பமாக நின்ற சிவபெருமானின் அடியைத் தேடித் திருமாலும் முடியைத் தேடிப் பிரமனும் சென்று காணாமல் மீண்ட கதை, சிவாலயத்துக் கருவறையின் பின்சுவரில் இலிங்கோற்பவராகச் சிலைவடிவம் பெற்றிருக்கிறது. கீழென்றும் மேலென்றும் எவ்வளவு தூரம் சென்றாலும் கடையொன்று கிட்டவில்லை என்பது அதன் கருத்து. இருவரும் போன திசை தவறானதன்று. திசை பிடித்துச் சென்று முடிவைத் தொடலாம் என்ற எண்ணமே தவறு. இந்த இரண்டு கொள்கைகளில் என் உள்ளம் சைவத்தின் பக்கமே சாய்கிறது. ஆனால், நான்கெல்லை சொல்லமுடியாத சோதியை நான்கு சுவருள்ள கருவறையின் புறத்தே, அதுவும் கிழக்கு நோக்கிய கோயிலாயின் மேற்குச் சுவரில் என்று திசை குறித்து வைத்த சிற்பியின் துணிவே எனக்கு அதிகமாகக் கற்பிக்கிறது. உடம்பெடுத்தவன் எல்லையற்றதை எல்லையுள்ள ஓரிடத்தில் நின்றே நினைக்க வேண்டும் என்பதை அவன் நன்கறிந்திருந்தான்.

திண்டுக்கல் நகரத்தில் பாறைக்கோட்டைக்குத் தெற்கே, பேகம்பூரில், ஐதர் அலியின் சகோதரி என்று ஊரார் கூறும் அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருக்கிறது; பகுதியின் பெயரும் பெரிய பள்ளிவாசலும் அவரையே நினைவூட்டுகின்றன. அங்கே தொழுகிறவர்கள் மேற்கு நோக்கித் தொழுகிறார்கள் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லுகிறோம். மேற்கு என்பது இங்கே சரியான சொல்லன்று. திண்டுக்கல்லிலிருந்து மக்காவுக்குப் பூமியின் வளைவின்மேல் மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டால், அது மேற்கிலிருந்து வடக்கே 20 பாகைக்கும் அதிகமாக விலகிச் செல்கிறது. லண்டனில் தொழுகிறவர்களுக்குக் கிப்லா என்னும் அதே தொழுகை நோக்கு தென்கிழக்கு, கெய்ரோவிலும் தென்கிழக்கு. ஆகவே கிப்லா என்பது திசையே அன்று, ஓர் இடம்; உலகெங்குமுள்ள தொழுகையாளர்களின் திசைகள் எல்லாம் கூடும் ஒரு மையம். தொடக்க காலத்தில் எருசலேமை நோக்கியிருந்த தொழுகை ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் மக்காவை நோக்கித் திருப்பப்பட்டது. அந்த மாற்றத்தைப் பேசும் அத்தியாயத்திலேயே, கிழக்கும் மேற்கும் இறைவனுக்கே உரியவை என்றும், முகங்களைக் கிழக்கிலோ மேற்கிலோ திருப்புவதால்மட்டும் புண்ணியம் ஆகிவிடாது என்றும் குர்ஆன் அறிவுறுத்துகிறது. திசையை விதித்துவிட்டு, அந்தத் திசையையே பொருளென்று மயங்காதே என்று அதே மூச்சில் எச்சரிக்கும் இந்த முறை, சமயங்கள் திசையைப் பற்றிச் சொன்னவற்றுள் மிக நேர்மையானது என்பது என் கருத்து.

மனிதன் இறைவனை நோக்குவதைப் பற்றி இதுவரை சொன்னோம். இறைவன் மனிதனை நோக்குவதும் உண்டு என்பது நம் கோயில்களின் கூற்று. தண்டாயுதபாணி பழனிமலையில் மேற்கு நோக்கி நிற்கிறார். கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்க, இது ஏன் என்று கேட்டால், சேரநாட்டைப் பார்த்து நிற்கிறார் என்று அடியார்கள் சொல்லுவார்கள். அந்த மலையின் கோயிலைச் சேரமான் பெருமாளோடு இணைக்கும் ஐதிகமும், இன்றும் கேரளத்திலிருந்து காவடியோடு வருகிறவர்களின் கூட்டமும் அந்த விடைக்கு வலிமை தருகின்றன. திருவரங்கத்துப் பெருமாள் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டது விபீஷணனுக்காக என்பர். குருமூர்த்தியான தட்சிணாமூர்த்தி, யமனுக்குரிய திசையென்று உலகம் அஞ்சும் தெற்கையே பார்த்து அமர்ந்திருக்கிறார். மரணத்தின் பக்கம் முகம் கொடுத்தவனே ஞானம் சொல்லத் தகுந்தவன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இந்த எல்லா இடங்களிலும் திசை ஒரு பூகோளக் குறிப்பாக இல்லை. யாருக்காக என்ற கேள்விக்கு விடையாக இருக்கிறது. அன்புக்கு இலக்கு வேண்டும். இலக்கு இருந்தால் திசையும் தானே வந்துவிடும்.

சித்திரைக் கடைசியிலும் வைகாசித் தொடக்கத்திலும் அக்கினி நட்சத்திர நாட்களில் பழனிமலையைக் கிரிவலம் வருகிறவர்களைப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். வலம் வருகிறவனுக்கு முன்னால் கிழக்கு வரும், தெற்கு வரும், மேற்கும் வடக்கும் வரும்; ஒரு சுற்றில் எல்லாத் திசையும் அவனுக்கு முகத்திசையாகி நீங்கும். நீங்காதது ஒன்றே: மலை எப்போதும் அவன் வலப்பக்கத்தில். இடம் வலம் என்ற சொற்கள் நம்மை மையமாக்கும் சொற்கள் என்று மேலே குறைகூறினேன். இங்கே அந்த வலம், நம்மை விட்டு இறைவனை மையமாக்கும் சொல்லாக மாறிவிடுகிறது. திசைகளை மறுக்காமலே திசைகளைக் கடப்பதற்கு மனிதன் கண்ட வழிகளில் இதைவிட எளிதானது எனக்குத் தெரியவில்லை. எழுதப் படிக்க அறியாதவர்களும் வெறுங்காலால் செய்துவிடுகிறார்கள்.

இனி எல்லையின் கொடிய பக்கத்தைப் பேசியாக வேண்டும். திண்டுக்கல் சமவெளியின் ஒவ்வோர் ஊருக்கும் எல்லைத் தெய்வம் உண்டு. கருப்பசாமியோ அய்யனாரோ ஊருக்கு வெளியே, பெரும்பாலும் கண்மாய்க் கரையிலோ வழித்தடம் பிரியும் இடத்திலோ, அரிவாளும் குதிரையுமாகக் காவல் நிற்கிறார்கள். ஊருக்கு நடுவில் இருக்கும் தெய்வத்தைக் காட்டிலும் எல்லையில் இருக்கும் தெய்வத்தினிடமே மக்களுக்கு அச்சமும் உரிமையும் மிகுதி. எல்லை என்பது புனிதமான இடம், ஏனெனில் அங்கேதான் தெரிந்ததும் தெரியாததும் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில் ஒரு துணை வேண்டும் என்று மக்கள் உணர்ந்தது பொருத்தமே. ஆனால் அதே எல்லைக்கு வெளியே, தெய்வத்தை நிறுத்தியதோடு நில்லாமல், மனிதர்களையும் நிறுத்தினார்கள். தெய்வத்துக்கு வெளியே இருப்பது பெருமை. மனிதனுக்கு அது தண்டனை. ஊர் என்று ஒன்றும் சேரி என்று ஒன்றும் பிரித்து, இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடத்தை வைத்து, அந்த வெற்றிடத்துக்குச் சமயத்தின் பெயரால் காவல் வைத்தவர்கள், எங்கும் நிறைந்தவன் என்று தாங்கள் ஓதிய சொல்லை ஒருநாளும் நம்பியவர்கள் அல்லர்.

இதைச் சேக்கிழார் நன்கறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். திருநாளைப்போவாராகிய நந்தனார் திருப்புன்கூருக்கு வந்து, உள்ளே செல்ல உரிமையின்றி வாயிலுக்கு நேரே நிற்கிறார். நடுவிலிருந்த நந்தி மறைக்கிறது. பெருமான் அருளால் நந்தி விலகுகிறது. பின்பு தில்லைக்குச் செல்கிறார். திருவெல்லையில் வணங்கி, உள்ளே புக அஞ்சி, இரவும் பகலும் அந்த ஊரின் எல்லையையே வலம் வருகிறார். முடிவில் தீயில் மூழ்கி எழுந்த பின்பே அவருக்குக் கோயில் திறக்கிறது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒரே பக்திப் பெருக்கில் படித்துவிட்டுப் போவது வழக்கம். என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை. திருப்புன்கூரில் விலகவேண்டிய பொருள் கல் என்று இறைவன் தீர்ப்புச் செய்தான். தில்லையிலோ மாறவேண்டியவர் அடியார் என்று ஆயிற்று. முதலாவதில் எல்லை நகர்ந்தது. இரண்டாவதில் எல்லை நின்ற இடத்திலேயே நின்றது, மனிதன் எரிந்தான். சமயத்தின் உண்மையான குரல் திருப்புன்கூரில் கேட்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தக் குரல் நம் வட்டாரத்தில் செயலாவதற்கு நெடுங்காலம் சென்றது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, வைத்தியநாதையர் தலைமையில் கக்கன் முதலிய ஒடுக்கப்பட்ட வகுப்பு அன்பர்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார்கள். திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவின் பகுதி. தனி மாவட்டமானது 1985இல். 1939ஆம் ஆண்டிலேயே ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. கோபுர வாயில் என்ற எல்லை அன்று நகர்ந்தது. ஊருக்கும் அதற்கு வெளியிலுள்ள குடியிருப்புக்கும் இடையிலிருந்த வெற்றிடம் அன்று நகரவில்லை. பல இடங்களில் இன்றும் நகரவில்லை.

2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர், அத்தகைய குடியிருப்பைக் குறிக்கும் காலனி என்னும் சொல் இழிவின் அடையாளமாக ஆகிவிட்டதென்று கூறி, அதை அரசு ஆவணங்களிலிருந்தும் பொது வழக்கிலிருந்தும் நீக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அது செய்யத்தக்க காரியம். ஆனால் அந்தச் சொல் போன இடத்தில் எந்தச் சொல் வந்து அமரப்போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தென்பாண்டி நாட்டின் கிராமங்களில் மேலத்தெரு, கீழத்தெரு, வடக்குத் தெரு என்று கேட்பவர்கள், பெயரைக் கேட்டவுடனே அங்கு வாழ்கிறவர்கள் இன்ன வகுப்பார் என்று ஊகித்துக்கொள்கிறார்கள். குற்றமற்ற திசைப்பெயர் போலத் தோன்றுவது, முகவரியிலும் விண்ணப்பத்திலும் ஜாதிப்பெயரின் வேலையைச் செய்துவிடுகிறது. நிலத்தின் சரிவைக் குறிக்கப் பிறந்த கீழ், மேல் என்ற சொற்கள் பிறப்பின் சரிவைக் குறிக்க எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கின்றன. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில் மட்டப்பலகை வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. பார்த்தாலும், தண்ணீர் வடக்கே ஓடும் இந்தச் சமவெளியில், கீழத்தெரு கீழே இருக்கிறது என்பதற்கு மண் சாட்சி சொல்லாது.